பல்லை வெண்மையாக்குதல்: எந்தக் கறைக்கு எந்த மருந்து, எத்தனை நாள், எப்படிப் போடுவது

பல்லை வெள்ளையாக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்களில் கணிசமானோருக்கு வேண்டியது ஸ்கேலிங் மட்டும்தான். மேலே படிந்த காவியும் பற்காறையும் போனதும் அடியில் இருக்கும் பல் அவர்களுக்கே திருப்தியாக இருக்கும். மீதிப்பேருக்குத்தான் பேரொட்சைட்டு மருந்து. அதிலும் சிலருக்கு அது இரண்டு வாரத்தில் வேலை செய்யும், சிலருக்கு ஆறு மாதம் எடுக்கும், சிலருக்கு அந்த மருந்தே பொருந்தாது. அதனால் மருந்தைத் தெரிவுசெய்யுமுன் கறை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் கறையைப் பாருங்கள்

காலை வெளிச்சத்தில், ஜன்னலோரம், கையில் ஒரு கண்ணாடியுடன் நில்லுங்கள். டியூப் லைட்டும் மஞ்சள் பல்பும் பல்லின் நிறத்தை மாற்றிக் காட்டும். வாயைத் துடைத்து உதட்டை விலக்கிப் பார்க்கும்போது, கறை பற்களின் இடுக்கிலும் முரசு (ஈறு) ஓரத்திலும் கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் கோடுகோடாக நின்றால் அது வெளிக்கறை. வெற்றிலை, புகையிலை, சிகரெட், நாளுக்கு ஐந்தாறு தடவை குடிக்கும் கடும் தேத்தண்ணி ஆகியவைதான் இங்கே இலங்கையில் வழக்கமான காரணங்கள். குளோரெக்சிடின் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தை இரண்டு வாரத்துக்கு மேல் பாவித்தாலும் பழுப்புக் கறை படியும். இரும்புச்சத்து சிரப் குடிக்கும் பிள்ளைகளின் பல் கறுப்பதும் இந்த வகைதான். இவை எல்லாம் ஸ்கேலிங்கிலும் பொலிஷிலும் போய்விடும்.

கறை எங்கும் தனியாக நிற்காமல் பல் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் அது உட்கறை. வயது ஏற ஏற மேலே உள்ள மிளிரி (எனாமல்) தேய்கிறது, அடியில் உள்ள பன்முதல் (டென்டின்) தடித்து நிறம் கூடுகிறது. பேரொட்சைட்டுக்கு மிக நன்றாக இணங்குவது இந்த மஞ்சள்தான்.

சாம்பல் அல்லது நீலம் கலந்த பட்டைகள் பல்லைச் சுற்றிக் குறுக்கே ஓடினால், எட்டு வயதுக்கு முன் டெட்ராசைக்கிளின் வகை மருந்து குடித்தாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். இதற்கு மாதக்கணக்கில் மருந்து போட வேண்டும். முரசோரத்துப் பட்டை கடைசிவரை முழுதாகப் போகாமலும் இருக்கலாம்.

சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைத் திட்டுகள், அல்லது அவற்றோடு பழுப்புப் புள்ளிகள், இரண்டு பக்கப் பற்களிலும் ஒரே மாதிரி இருந்தால் புளோரைட்டை நினையுங்கள். இலங்கையின் உலர் வலயத்தில், குறிப்பாக அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கங்களில், நிலத்தடி நீரில் புளோரைட் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் மேல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். பல் உருவாகும் சிறுவயதில் அதைவிடக் கூடிய தண்ணீரைக் குடித்தவர்களுக்கு இந்தத் திட்டு வரும். அந்தப் பக்கம் வளர்ந்து இப்போது திருகோணமலையில் இருப்பவர்கள் தங்கள் பிள்ளைப்பருவக் கிணறு எது என்று பல் வைத்தியரிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் அது பெரும்பாலும் என்றோ அடிபட்ட பல். அதற்கான முறை முற்றிலும் வேறு, கீழே வருகிறது.

மருந்து என்ன செய்கிறது

பாவனையில் இருக்கும் மருந்து அடிப்படையில் ஒன்றுதான்: ஐதரசன் பேரொட்சைட்டு. அது மிளிரியை ஊடுருவிப் பன்முதல்வரை போய், நிறம் தரும் பெரிய சேதன மூலக்கூறுகளை ஒட்சியேற்றி உடைக்கிறது. உடைந்த துண்டுகள் ஒளியை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை, அதனால் பல் வெளிறித் தெரிகிறது. இதில் உரசலும் இல்லை, சுரண்டலும் இல்லை.

காபமைட் பேரொட்சைட்டு என்று ஜெல் வரும் சிரிஞ்சில் எழுதியிருப்பது, வாயில் போனதும் ஐதரசன் பேரொட்சைட்டாகவும் யூரியாவாகவும் பிரியும் சேர்மம். அதன் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 10 வீத காபமைட், ஏறத்தாழ 3.5 வீத ஐதரசன் பேரொட்சைட்டுக்குச் சமன். 16 வீதம் ஏறத்தாழ 5.6க்கும், 35 வீதம் ஏறத்தாழ 12க்கும் சமன். '35 வீதம்' என்று விளம்பரம் செய்யும்போது எந்தச் சேர்மத்தின் 35 என்று கேளுங்கள். வித்தியாசம் மூன்று மடங்கு.

இன்னொரு வேறுபாடு நேரம். ஐதரசன் பேரொட்சைட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தன் வேலையை முடித்துவிடும். காபமைட் முதல் இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய பாதியை விட்டு, மீதியை இரவு முழுக்க மெதுவாக விடும். அதனால்தான் தூங்கும்போது போட காபமைட், பகலில் கொஞ்ச நேரம் போட ஐதரசன் பேரொட்சைட்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2011ல் கொண்டுவந்த விதிப்படி ஐதரசன் பேரொட்சைட்டு 0.1 வீதம்வரை உள்ளதையே கடையில் நேரடியாக விற்கலாம். அதற்கு மேல் 6 வீதம்வரை பல் வைத்தியர் வழியாக மட்டும். 18 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது. வீட்டில் போடும் மருந்துக்கு இந்த அளவுகோலை இங்கேயும் மனதில் வைத்திருப்பது நல்லது.

தொடங்குமுன்

பல் வைத்தியர் ஒருவர் வாயைப் பார்த்தே ஆக வேண்டும். சூத்தை, விரிசல், ஓரம் விட்ட பில்லிங், முரசு இறங்கி வேர் தெரியும் இடம், இவற்றில் எது இருந்தாலும் மருந்து நேரே பற்கூழுக்கு (பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் பகுதி) போய் வலியைக் கிளப்பும். முன்பல்லில் கிரவுனோ பில்லிங்கோ இருந்தால் அவற்றின் நிறம் மாறாது. மற்றப் பற்கள் வெளிறிய பிறகு அவை மட்டும் தனியாக மஞ்சளாகத் தெரியும். மாற்ற வேண்டியிருக்கும் என்ற செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்கும் வெற்றிலைக் கூட்டும், புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004ல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியது. வாய்க்குள் தேய்த்தும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரமாக ஆறாத புண், உறைப்புச் சாப்பிட்டால் தாங்க முடியாத எரிவு, மூன்று விரலை நிமிர்த்தி வைக்க வாய் திறக்காமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வெண்மையாக்குவதை விட்டுவிட்டு முதலில் மாவட்டப் பொது வைத்தியசாலையின் பல் பிரிவுக்குப் போங்கள். காவி பிடித்த பல்லை வெள்ளையாக்க வந்த இடத்தில் இந்தத் திட்டைக் கண்டுபிடித்தால், அன்றைய வருகையின் மிகப் பெரிய பலன் அதுதான்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பொறுத்திருக்கட்டும், இது அவசர வைத்தியம் அல்ல. ஸ்கேலிங்கை முடித்து, முரசு ஆற ஒரு வாரமாவது விட்டுத்தான் மருந்து தொடங்க வேண்டும். அந்த இடைவெளியிலேயே 5 வீத பொட்டாசியம் நைத்திரேற்று உள்ள, பற்கூச்சத்துக்கான பற்பசைக்கு மாறிவிடுங்கள். இரண்டு வாரம் முன்கூட்டியே பாவித்தால் கூச்சம் வெகுவாகக் குறையும்.

கலியாணத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால் எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். பொன்னுருக்கலுக்கு முதல் வாரம் வந்து கேட்டால் எந்த முறையும் நிதானமாகச் செய்ய இடமில்லை.

ட்ரே முறை: பெரும்பாலானோருக்கு இதுதான் சரி

1989ல் அமெரிக்காவில் ஹேவுட், ஹேமன் என்ற இரு பல் வைத்தியர்கள் எழுதி வெளியிட்ட முறை இது. 10 வீத காபமைட் ஜெல்லை, உங்கள் வாய்க்கே அளவெடுத்த மெல்லிய ட்ரேயில் இட்டு இரவு போட்டுக்கொள்வது. மெதுவானது, மலிவானது, கூச்சம் குறைந்தது. விரைவாக வெள்ளையாக்கும் எந்த முறையோடும் கடைசி நிறத்தில் ஒப்பிட்டால் இது சளைத்ததல்ல.

அளவெடுப்பதில்தான் தரம் தொடங்குகிறது. அல்ஜினேற் பொடியைத் தண்ணீரில் குழைத்து வாயில் வைத்து அச்சு எடுப்பார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சாதாரணக் குழாய்த் தண்ணீரே சூடாக இருக்கும். அதில் குழைத்தால் வாய்க்குள் போகுமுன்னரே இறுகத் தொடங்கிவிடும். குளிர்ந்த தண்ணீர் வேண்டும். எடுத்த அச்சை ஈரத் துணியில் சுற்றி, கால் மணி நேரத்துக்குள் கல் சாந்து ஊற்ற வேண்டும். மேசையில் அப்படியே விட்டால் நீர் வற்றிச் சுருங்கும், ட்ரே பல்லில் இறுக்கும். சாந்து இறுகிக் கிடைக்கும் பல் வார்ப்பின் மேல் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள மென் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, வெற்றிடத்தால் உறிஞ்சிப் படியவைத்து, முரசு ஓரத்தோடு ஒட்ட வெட்டுவார்கள். வெட்டிய ஓரத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். உராய்ந்தால் அங்கேயே சொல்லித் திருத்தி வாங்குங்கள். அந்தச் சிறு கூர் இரவு முழுக்க முரசைக் கிழிக்கும், நீங்கள் மருந்து எரிக்கிறது என்று நினைப்பீர்கள். ஜெல்லுக்கென்று ட்ரேயில் குழி விட வேண்டியதில்லை. விட்டாலும் விடாவிட்டாலும் நிறம் ஒன்றுதான்.

மேல் வரிசையை மட்டும் முதலில் செய்யுங்கள். கீழ் வரிசை பழைய நிறத்தில் இருக்கும்போது மாற்றம் கண்ணுக்குத் தெரியும், இல்லையென்றால் ஒவ்வொரு நாளும் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். தொடங்கும் நாளில் ஜன்னலோரம் ஒரு படம், பல் வைத்தியரின் பல் நிற அட்டையில் உங்கள் பல்லோடு பொருந்தும் துண்டைப் பக்கத்தில் பிடித்தபடி எடுத்து வையுங்கள்.

இரவில் செய்வது இப்படி. பல் துலக்கி, நூலால் இடுக்கையும் துப்புரவாக்குங்கள். ஜெல் குளிர்சாதனப் பெட்டியில் இருந்திருந்தால் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் தொடுங்கள், குளிர்ந்த ஜெல் கூச்சத்தை எழுப்பும். ட்ரேயின் உட்பக்கம், பல்லின் முன்முகம் படும் சுவரில், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு நெல்மணி அளவு. பின் கடைவாய்ப் பற்களுக்குத் தேவையில்லை. ஒரு வரிசை முழுவதற்கும் அரை மில்லிலீற்றருக்கு மேல் செலவாகாது. ட்ரேயை மெல்ல ஏற்றி, விரலால் முன்புறம் ஒருமுறை மட்டும் அமர்த்துங்கள். முரசில் பிதுங்கி வந்ததை உலர்ந்த தூரிகையால் அல்லது பஞ்சால் வழித்துத் துப்புங்கள். பிறகு தண்ணீர்கூடக் குடிக்காமல் படுக்க வேண்டியதுதான்.

காலையில் ட்ரேயை ஒரு பக்கத்துக் கடைவாயிலிருந்து உரித்தெடுத்து, பல்லில் ஒட்டிய ஜெல்லை மென் தூரிகையால் தேய்த்துக் கொப்பளியுங்கள். ட்ரேயைப் பச்சைத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். கேத்தல் தண்ணீரில் கழுவினால் வளைந்துபோகும். மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ விட்டாலும் அதே கதிதான். முதல் ஒரு மணி நேரம் தேத்தண்ணி வேண்டாம். அதன் பிறகு குடிக்கலாம், வாயைக் கொப்பளித்தால் போதும். வெள்ளைச் சோறும் பாலும் மட்டுமே என்று இரண்டு வாரம் பத்தியம் காக்கத் தேவையில்லை. சிகரெட்டையும் வெற்றிலையையும் மட்டும் முழுதாக நிறுத்துங்கள்.

எட்டு மணி நேர இரவுகள் பத்து முதல் பதினான்கு. மஞ்சள் பல்லுக்கு அவ்வளவு போதும். தூக்கத்தில் ட்ரே போட முடியாதவர்கள் மாலையில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் போட்டு, நாட்களைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். வேட்டைப் பற்கள் எப்போதும் கடைசியாகத்தான் வெளிறும். முன்பற்கள் சரியாகிவிட்டால் வேட்டைப் பல் குழிக்குள் மட்டும் இன்னும் சில இரவுகள் ஜெல் விடுங்கள். முரசோரம் கொஞ்சம் மஞ்சளாகவே நிற்பது இயல்பு, அங்கே மிளிரி மெல்லியது. டெட்ராசைக்கிள் பட்டைக்கு இதே 10 வீத ஜெல், இதே ட்ரே, இரண்டு முதல் ஆறு மாதம். வீதத்தைக் கூட்டி அவசரப்படுத்தினால் கூச்சம்தான் மிஞ்சும்.

ஜெல்லை வாங்கும்போதே காலாவதித் திகதியைப் பாருங்கள். வெப்பம் பேரொட்சைட்டை அழித்துவிடும். கொழும்பிலிருந்து பொதியாக வந்து, பஸ்ஸில் கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ பையில் போய், அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த சிரிஞ்ச் வெறும் பசை. இரண்டு வாரம் போட்டும் நிறம் அசையவில்லை என்றால் பல்லைக் குற்றம் சொல்லுமுன் ஜெல்லைச் சந்தேகியுங்கள்.

கூச்சமும் மற்றக் கோளாறுகளும்

பலருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் கூச்சம் தொடங்கும். பேரொட்சைட்டு சில நிமிடங்களிலேயே பற்கூழை எட்டுவதால் வருவது அது, நிறுத்தினால் சில நாட்களில் தானே போய்விடும். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். அதிலும் குறையாவிட்டால், ஜெல் இடுமுன் பொட்டாசியம் நைத்திரேற்று ஜெல்லை அதே ட்ரேயில் பத்து முதல் முப்பது நிமிடம் போட்டுக் கழற்றுங்கள். எல்லாப் பற்களும் லேசாகக் கூசுவது மருந்தின் வேலை. ஒரே பல் மட்டும் சுள்ளென்று குத்தினால் அங்கே சூத்தையோ விரிசலோ இருக்கிறது. அன்றே நிறுத்திக் காட்டுங்கள்.

முரசு வெளுத்து எரிந்தால் ஜெல் கூடிவிட்டது. நிறையத் தண்ணீரில் கொப்பளித்து ஓரிரு நாள் விட்டால் ஆறும். முதல் நாட்களில் பல்லில் வெள்ளைத் திட்டுகள் முன்னைவிடத் தூக்கலாகத் தெரிந்து பயமுறுத்தும். மற்றப் பகுதி வெளிறும்போது இவை மங்கிக் கலந்துவிடும், இடையில் நிறுத்தினால்தான் அசிங்கமாக நிற்கும்.

கிளினிக்கில் ஒரே அமர்வில்

இங்கே 25 முதல் 40 வீத ஐதரசன் பேரொட்சைட்டு பாவிக்கப்படும். தோலில் பட்டாலே வெண்மையாகச் சுடும் அடர்த்தி அது. அதனால் உதட்டை விலக்கும் சட்டம், கண்ணுக்குக் கண்ணாடி, முரசின் மேல் ஒளியில் இறுகும் பிசின் தடுப்பு, இவை மூன்றும் இல்லாமல் யாராவது ஜெல்லைத் திறந்தால் எழுந்து வந்துவிடுங்கள். 15 முதல் 20 நிமிடமாக இரண்டு மூன்று தடவை ஜெல்லை மாற்றுவார்கள். நீல விளக்கு பிடிப்பது வழக்கம். ஆனால் விளக்கு இல்லாமலும் அதே நிறம் கிடைக்கிறது, வெப்பம் தரும் விளக்கு என்றால் கூச்சம் மட்டும் கூடும்.

எழும்பும்போது தெரியும் பளிச்சென்ற வெள்ளையை நம்பிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் வாய் திறந்திருந்ததில் பல் உலர்ந்திருக்கும், உலர்ந்த பல் எப்போதும் வெள்ளையாகத் தெரியும். ஈரம் திரும்பி நிறம் நிலைக்க ஒன்று இரண்டு வாரம் ஆகும், கொஞ்சம் இறங்கித்தான் நிற்கும். ஒரே அமர்வில் போதுமானது கிடைப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் இரண்டாவது தடவை, அல்லது தொடர்ந்து வீட்டில் ட்ரே தேவைப்படும்.

அழகுக்கலை நிலையங்களில் இதைச் செய்துகொள்ள வேண்டாம். இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ள பல் வைத்தியரிடம் மட்டும் செய்யுங்கள். அரச வைத்தியசாலையில் ஸ்கேலிங், சூத்தை எல்லாவற்றையும் செலவில்லாமல் முடித்துக்கொண்டு, வெண்மையாக்கலுக்கு மட்டும் தனியாரிடம் போவது சிக்கனமான வழி.

ஒற்றைக் கறுத்த பல்

சைக்கிளால் விழுந்தோ கிரிக்கெட் பந்து பட்டோ உள்ளே இரத்தம் கசிந்து, பற்கூழ் செத்து, அதன் கழிவு பன்முதலில் ஊறியதால் வந்த நிறம் இது. வெளியே ஜெல் பூசுவது வீண். எக்ஸ்ரே எடுத்து, வேர்ச்சிகிச்சை ஒழுங்காக முடிந்திருக்கிறதா என்று பார்த்த பின், பல்லின் பின்பக்கத் துவாரத்தைத் திறந்து, வேர் நிரப்பியை முரசு மட்டத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் கீழே இறக்கி, அதன் மேல் இரண்டு மில்லிமீற்றர் கண்ணாடி அயனோமர் சீமெந்தால் மூடி போடுவார்கள். அந்த மூடியைத் தவறவிடக் கூடாது. அது இல்லையென்றால் மருந்து வேரின் கழுத்து வழியாக வெளியே கசிந்து, எலும்போரம் வேரை அரித்துவிடும். அதன் விளைவு சில ஆண்டுகள் கழித்துத்தான் எக்ஸ்ரேயில் தெரியும்.

மருந்து, சோடியம் பேபோரேற்றுப் பொடியைக் காய்ச்சி வடித்த நீரில் ஈர மணல் பதத்துக்குக் குழைத்தது. உள்ளே அடைத்து, தற்காலிக பில்லிங்கால் இறுக மூடி, ஒரு வாரத்தில் அல்லது இரண்டு வாரத்தில் மாற்ற வேண்டும். இரண்டு முதல் நான்கு தடவையில் பக்கத்துப் பல்லின் நிறம் வந்துவிடும். முன்பு 30 வீத ஐதரசன் பேரொட்சைட்டை உள்ளே வைத்துச் சூடாக்கும் பழக்கம் இருந்தது. வேர் அரிப்பு அதிகம் வந்தது அதில்தான். இன்று யாராவது அப்படிச் செய்வதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

புளோரைட் திட்டு

பழுப்புப் புள்ளிக்கு, 6.6 வீத ஐதரோகுளோரிக்கமிலமும் நுண் சிலிக்கன் காபைட்டும் கலந்த பசையை ரப்பர் திரைக்குப் பின்னால் பல் வைத்தியர் தேய்ப்பார். மிளிரியில் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு அளவு போகும். அதற்கு மேல் ஆழமான திட்டு இதில் போகாது. வெள்ளைத் திட்டுக்குப் பிசினை ஊடுருவ விடும் முறை இருக்கிறது. இரண்டுக்கும் பிறகு ட்ரே முறையில் மற்றப் பகுதியை வெளிறச் செய்தால் நிறம் ஒன்றாகும்.

சமையலறைச் சாமான்கள்

தேசிக்காய்ப் புளியின் பிஎச் 2க்கும் 2.5க்கும் இடையில். மிளிரி 5.5க்குக் கீழேயே கரையத் தொடங்கும். புளியைப் பல்லில் தேய்த்து உடனே துலக்கினால் மென்மையான மேற்படை அப்படியே போய்விடும். முதல் நாள் மினுக்கமாகத் தெரியும், பிறகு மெல்லிய மிளிரிக்குள்ளால் பன்முதலின் மஞ்சள் கூடிக்கொண்டே வரும். போன மிளிரி வளராது. உமிக்கரி, செங்கல்தூள், கல்லுப்பு ஆகியவை கறையைச் சுரண்டும், கூடவே பல்லின் கழுத்தில் குழி விழுத்தும். கரிப் பற்பசை என்று நவீனமாக வருவதும் அதே வேலைதான், வெடிப்புகளில் கறுப்புத் தங்கிவிடும்.

அப்பச்சோடாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நல்ல வார்த்தை சொல்லலாம். அது மென்மையான தூள், அமிலமும் இல்லை. வாரத்தில் ஓரிரு தடவை ஈரத் தூரிகையில் தொட்டுத் தேத்தண்ணிக் கறையை எடுக்கலாம். தேசிக்காயோடு கலந்து நுரைக்க விடாதீர்கள். பாமசியில் காயம் கழுவ விற்கும் பேரொட்சைட்டால் கொப்பளிப்பதும் வேண்டாம். அரை நிமிடத்தில் பல் வெளிறாது, முரசும் நாக்கும்தான் எரியும். வெண்மையாக்கும் பற்பசைகள் மேற்கறையை மட்டும் எடுப்பவை. சிலவற்றில் உள்ள நீல நிறமி மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவே.

முடிந்த பிறகு

முன்பல் பில்லிங்கை மாற்றுவதானால் கடைசி இரவு ஜெல்லிலிருந்து இரண்டு வாரம் பொறுங்கள். பல்லில் தங்கிய ஒட்சிசன் பில்லிங் பிசின் இறுகுவதைக் கெடுக்கும், நிறமும் அதுவரை நிலைத்திருக்காது. கிடைத்த வெண்மை சிலருக்கு ஓராண்டு, சிலருக்கு மூன்றாண்டு நிற்கும். மீண்டும் மங்கும்போது புதிதாக அளவெடுக்கத் தேவையில்லை. அதே ட்ரே, புதிய சிரிஞ்ச் ஒன்று, மூன்று நான்கு இரவுகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங்குக்குப் போகும்போது ட்ரேயையும் பெட்டியோடு எடுத்துப் போய், பல்லில் இன்னும் சரியாக அமர்கிறதா என்று காட்டிக்கொள்ளுங்கள். இடையில் புதிய பில்லிங் வந்திருந்தால் ட்ரே அந்த இடத்தில் தூக்கி நிற்கும், ஜெல் முரசுக்குக் கசியும். அப்போதுதான் புதிய அளவு.